இறந்துபோன தம்பியோட ஃபேஸ்புக், இன்ஸ்டாவ டெலீட் பண்றதுக்கு முன்னாடி

ராயபுரத்துல இருந்து ஒரு சிஸ்டர் கேட்டிருக்காங்க. தம்பி பைக் ஆக்சிடென்ட்ல போய் மூணு மாசம் ஆகப்போகுது, ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாவும் அப்படியே ஓப்பனா இருக்கு, பசங்க தெனமும் போட்டோ போட்டு டேக் பண்றாங்க, அடுத்த மாசம் அவன் பொறந்தநாள் வேற, அன்னிக்கு வாழ்த்து நோட்டிஃபிகேஷன் வந்தா அம்மா தாங்க மாட்டாங்க, போன் லாக்ல கிடக்கு, பாஸ்வேர்டு தெரியாது, எப்படி டெலீட் பண்றதுன்னு. கேள்வி டெலீட்ல முடியுது, ஆனா நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, "அம்மா அவன் வாய்ஸ ஒரு தடவ கேக்கணும்னு சொல்லிட்டே இருக்காங்க"ன்னு, எனக்கு அதான் உங்க மெயின் கேள்வியா படுது. அதாவது ஒரு பக்கம் மூடணும், இன்னொரு பக்கம் உள்ள இருக்கறத எடுக்கணும், ஆனா மூடிட்டா எடுக்க முடியாது. அதனால எத மொதல்ல பண்றோம், எத கடைசில பண்றோம்ங்கற வரிசைதான் இதுல எல்லாமே.

நான் வக்கீல் இல்ல, இந்தக் கம்பெனி எதுலயும் வேலை பாக்கறவனும் இல்ல. புது வண்ணாரப்பேட்டையில பல வருஷமா ஜெராக்ஸ், பிரவுசிங், மொபைல் சர்வீஸ் எல்லாம் சேத்து கடை வச்சிருக்கேன், பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் செத்தவங்க போன கையில எடுத்துக்கிட்டு நம்ம கடைக்கு வர்ற ஆளுங்க நெறைய. அவங்களுக்கு ஃபார்ம் போட்டுக் குடுத்து, திரும்பி வந்தத திரும்பப் போட்டு கத்துக்கிட்டதுதான் இது. இதுல எது கம்பெனி எழுதி வச்சிருக்கற ரூல், எது ஆளுக்கு ஆள் மாறும்ங்கறத அங்கங்க சொல்லிடறேன்.

இன்னிக்கே செய்ய வேண்டிய ஒரே வேலை சிம்மு. போன் கம்பெனிங்கள கண்காணிக்கற டிராய் அமைப்போட விதிப்படி ஒரு பிரீபெய்டு நம்பர்ல 90 நாள் கால், எஸ்எம்எஸ், நெட்டு எதுவுமே யூஸ் ஆகலன்னா கம்பெனி அத கட் பண்ணலாம். மெயின் பேலன்ஸ்ல 20 ரூபா இருந்தா தப்பிக்கும், ஆனா இப்ப எல்லாரும் அன்லிமிடெட் பேக் தான் போடறாங்க, மெயின் பேலன்ஸ்னு யாருக்கு இருக்கு. நீங்க மூணு மாசம் ஆகப்போகுதுன்னு சொல்றீங்க, அப்ப கெடு நெருங்கிடுச்சு. அந்த நம்பருக்கு சின்னதா ஒரு ரீசார்ஜ் போட்டு, சிம்ம வேற ஒரு சாதா போன்ல போட்டு உங்க நம்பருக்கு ஒரு கால் அடிச்சு வச்சிடுங்க. ஏன் இவ்ளோ அவசரம்னா ஜிமெயில், ஃபேஸ்புக், இன்ஸ்டா, பேங்க் எல்லாத்தோட ஓடிபியும் அந்த நம்பருக்குத்தான் வரும், நம்பர் போச்சுன்னா எல்லாக் கதவும் சாத்திக்கும். அதோட கட் ஆன நம்பர் கொஞ்ச நாள் கழிச்சு வேற யாருக்காவது போயிடும், அப்புறம் உங்க தம்பிக்கு வர்ற ஓடிபி யாரோ முகம் தெரியாத ஆள் கையில. நிதானமா பின்னாடி ஷோரூம் போய் இறப்பு சான்றிதழக் காட்டி நம்பர உங்க பேருக்கோ அம்மா பேருக்கோ மாத்திக்கலாம், என்னென்ன பேப்பர் வேணும்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறுது, சில எடத்துல வீட்டுல மத்தவங்க ஆட்சேபனை இல்லன்னு எழுதிக் குடுக்கணும்பாங்க. ஒண்ணு மட்டும், சிம் கையில வந்துடுச்சேன்னு அவன் ஜீபேல இருந்து காச எடுக்காதீங்க. பேங்க்ல சொல்லிட்டு நாமினி வழியா கிளெய்ம் பண்றதுதான் முறை, இல்லன்னா பின்னாடி வீட்டுக்குள்ளயே சண்டை வரும்.

அடுத்து போன். லாக் எடுத்துத் தரேன்னு சொல்ற எந்தக் கடையிலயும் "டேட்டா இருக்குமா"ன்னு ஒரு கேள்விய கேட்டுட்டு அப்புறம் போன குடுங்க. நானும் கடைக்காரன்தான், அதனால சொல்றேன், பேட்டர்ன் லாக் எடுக்கறதுன்னா பெரும்பாலும் போன ரீசெட் அடிக்கறதுதான், லாக்கு போகும், கூடவே உள்ள இருக்கற போட்டோ, வாய்ஸ் எல்லாமும் போகும். புது ஆண்ட்ராய்டு போன்ல எல்லாம் உள்ள இருக்கற ஃபைலுங்க அந்தப் பின் நம்பர வச்சுத்தான் பூட்டியிருக்கு, ரீசெட் அடிச்சப்புறம் திரும்ப எடுக்கறதுக்கு வழியே கிடையாது. ரீசெட் அடிச்சாலும் பழைய ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்டு நிக்கும், அதுவும் தெரியலன்னா போன் கல்லுதான். அதுக்குப் பதிலா அவன் கூடவே திரிஞ்ச பசங்கள கூப்பிட்டு கேளுங்க, கூட்டாளிக்கு பேட்டர்ன் தெரியாம இருக்காது, ஹாட்ஸ்பாட் வாங்கறதுக்காவது அந்தப் போன ஒருத்தன் தொறந்திருப்பான். நீங்களா குருட்டாம்போக்குல அடிச்சிட்டே இருக்காதீங்க, தப்பா போடப் போட வெயிட்டிங் டைம் கூடும், ஐபோனா இருந்தா ஒரு கட்டத்துல லாக்அவுட் ஆயிடும்.

இப்ப அம்மா கேட்ட வாய்ஸ். இதுக்கு அவன் போனே வேணாம். அவன் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் அவன் போன்ல எவ்ளோ இருக்கோ அவ்ளோ மத்தவங்க போன்லயும் இருக்கும், அம்மா போன், உங்க போன், மாமா போன், கிளப் பசங்க குரூப்பு. வாட்ஸ்அப்ல அவன் சாட்ட தொறந்து மேல அவன் பேர தட்டினா மீடியா எல்லாம் வரும், வாய்ஸ் மெசேஜ் தனியா வேணும்னா ஃபைல் மேனேஜர்ல ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள்ள மீடியா, அதுக்குள்ள com.whatsapp, அதுக்குள்ள வாட்ஸ்அப், அதுக்குள்ள மீடியா, அதுக்குள்ள வாய்ஸ் நோட்ஸ்னு இருக்கும், தேதி வாரியா ஓபஸ்ங்கற ஆடியோ ஃபைலா கிடக்கும். அத அப்படியே கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணிக்கலாம். சாட்ல மூணு புள்ளிய தட்டி எக்ஸ்போர்ட் குடுத்து மீடியாவோட உங்க மெயிலுக்கு அனுப்பிக்கறதும் ஒரு வழி. காசிமேட்டுல இருந்து வந்த ஒரு அம்மாவுக்கு அவங்க போன்லயே தேடினப்ப கிடைச்சது என்னன்னா, "ம்மா, வஞ்சிரம் ஏலம் முடிஞ்சிச்சு, ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கேன், கொழம்பு வை, நான் வந்துடறேன்"னு எட்டு செகண்டு, பின்னாடி ஹார்பர் சத்தம். அவங்க அதத்தான் திரும்பத் திரும்ப போட்டுக் கேட்டாங்க. அதனால பெருசா தேடாதீங்க, இந்த மாதிரி ஒண்ணுமில்லாத மெசேஜுதான் அவங்களுக்கு வேணும். அம்மா போன்ல ஸ்பேஸ் ஃபுல்லுன்னு சொல்லி யாராவது மீடியாவ அழிச்சிடப் போறாங்க, அதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. மெசேஜ் கொஞ்ச நாள்ல தானா அழியற டிஸப்பியரிங் மெசேஜ் செட்டிங் ஆன்ல இருந்தா பழசெல்லாம் போயிருக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

வாட்ஸ்அப்ல ஒரு பெரிய கண்ணி இருக்கு. சிம்ம புது போன்ல போட்டதும் ஆர்வத்துல அதுல வாட்ஸ்அப் இன்ஸ்டால் பண்ணிடாதீங்க. பண்ணினா பழைய போன்ல லாக்அவுட் ஆயிடும், சாட் எல்லாம் தானா வந்துடும்னு நெனச்சா வராது, அது அவன் கூகுள் டிரைவ் பேக்கப்ல இருந்துதான் வரணும், அதுக்கு அவன் ஜிமெயில் அந்தப் போன்ல இருக்கணும். ஜிமெயில் இருந்தும் ரீஸ்டோர ஸ்கிப் பண்ணிட்டா புது பேக்கப் பழைய பேக்கப் மேல ஏறி உக்காந்துக்கும், உள்ளதும் போச்சு. இதுல இன்னொண்ணு, நீங்க அந்த நம்பர்ல வாட்ஸ்அப் தொறந்த அந்த நிமிஷம் அவன் பேருக்குக் கீழ "ஆன்லைன்"னு காட்டும், நடுராத்திரி அத ஒரு கூட்டாளி பாத்தான்னா அவன் கதி என்ன ஆகும்னு யோசிங்க. எங்க ஏரியால ஒரு வீட்டுல இதே நடந்து குரூப்பே அல்லோலகல்லோலம் ஆச்சு. சும்மா விட்டாலும் வாட்ஸ்அப் பொதுவா 120 நாள் யூஸ் இல்லன்னா அக்கவுண்ட தானா எடுத்துடும், ஆனா போனுக்குள்ள சேவ் ஆகியிருக்கற சாட்டு, மீடியா அந்த ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ற வரைக்கும் போனுக்குள்ளயே இருக்கும். அதனால வாட்ஸ்அப்ப மூடறதுக்குன்னு நீங்க தனியா எதுவும் பண்ண வேணாம்.

வீட்டுல அவன் யூஸ் பண்ண பழைய லேப்டாப் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அத பத்திரமா வைங்க, ஃபார்மேட் போட்டு சொந்தக்காரப் பையனுக்குக் குடுத்துடாதீங்க. குரோம்ல அவன் ஜிமெயில், ஃபேஸ்புக் லாகின்லயே இருக்க வாய்ப்பு இருக்கு. இருந்தா கூகுள் டேக்அவுட்ங்கற டவுன்லோடு வசதில போட்டோஸ் எல்லாத்தையும் இறக்கிக்கலாம், ஃபேஸ்புக்லயும் இன்ஸ்டாலயும் "டவுன்லோடு யுவர் இன்ஃபர்மேஷன்", இல்லன்னா "எக்ஸ்போர்ட் யுவர் இன்ஃபர்மேஷன்"னு செட்டிங்ஸ்ல இருக்கும், அத குடுத்தா மொத்தமா ஒரு ஃபைலா வரும். லேப்டாப்ல இல்லன்னா கூகுளுக்கு இறந்தவங்க அக்கவுண்டுக்குன்னே ஒரு ஃபார்ம் இருக்கு, அதுல அக்கவுண்ட மூடச் சொல்லியும் கேக்கலாம், டேட்டா வேணும்னும் கேக்கலாம், பாஸ்வேர்டு மட்டும் எந்தக் காலத்துலயும் குடுக்க மாட்டாங்க, டேட்டா குடுக்கறதும் அவங்க பாத்து முடிவு பண்றதுதான், உறுதி கிடையாது. ரெண்டு வருஷம் யாரும் தொடாத கூகுள் அக்கவுண்ட அழிக்கலாம்னு 2023ல ரூல் கொண்டு வந்துட்டாங்க, அதனால அந்தப் பக்கம் ஆறப்போடாதீங்க.

அவன் அக்கவுண்ட்ல நாங்க நுழையறது சட்டப்படி சரியான்னு ஒருத்தர் கீழ கேட்டிருந்தாரு. நேர்மையா சொல்லணும்னா இது கொஞ்சம் மங்கலான எடம். ஃபேஸ்புக் ரூல்படி அடுத்தவங்க அக்கவுண்ட்ல யாரும் லாகின் பண்ணக் கூடாது, அது செத்தவங்களுக்கும் பொருந்தும். நம்ம ஐடி சட்டம், அதாவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 66சி பிரிவு அடுத்தவங்க பாஸ்வேர்ட மோசடியா, கெட்ட எண்ணத்தோட யூஸ் பண்றதத்தான் குத்தம்னு சொல்லுது, அம்மாவுக்கு போட்டோ எடுத்துக் குடுக்கறவங்கள நெனச்சு எழுதினதா எனக்குப் படல, ஆனா நான் சொல்றத வச்சு கோர்ட்ல நிக்க முடியாது. ஜெர்மனில ஒரு கேஸ் இருக்கு, பெர்லின்ல 15 வயசுப் பொண்ணு 2012ல ரயில் அடிச்சு இறந்துச்சு, என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்க அப்பா அம்மா அதோட ஃபேஸ்புக்க பாக்கணும்னாங்க, கம்பெனி முடியாதுன்னுச்சு, கடைசில 2018ல அந்த நாட்டு உச்ச கோர்ட்டு லெட்டர், டைரி எல்லாம் வாரிசுக்குப் போற மாதிரி இதுவும் போகும்னு தீர்ப்பு சொல்லிச்சு. அது அவங்க ஊரு சட்டம், நம்மள கட்டுப்படுத்தாது, ஆனா நீங்க கேக்கறது அநியாயம் இல்லன்னு தெரிஞ்சுக்கலாம்ல. என் சொந்த அபிப்பிராயம் ஒண்ணு, போட்டோ வீடியோவ எடுங்க, சாட்டுக்குள்ள போகாதீங்க. அவன் யார்கிட்ட என்ன பேசினான்னு இருக்கும், அது அந்தப் பக்கம் உயிரோட இருக்கற ஒரு பொண்ணோட மேட்டராவும் இருக்கலாம். அம்மா பக்கத்துல உக்காந்திருக்கும்போது கண்டிப்பா தொறக்காதீங்க.

இதெல்லாம் முடிச்சப்புறம்தான் ஃபேஸ்புக் பக்கம் போகணும். அங்க ரெண்டு வழி, ஒண்ணு மெமோரியலைஸ், அதாவது நினைவுப் பக்கமா மாத்தறது, இன்னொண்ணு மொத்தமா எடுத்துடறது. மெமோரியலைஸ் பண்ணினா பேருக்குப் பக்கத்துல "ரிமெம்பரிங்"னு வந்துடும், போட்டோ எல்லாம் அவன் யாருக்குக் காட்டணும்னு வச்சிருந்தானோ அவங்களுக்கு அப்படியே தெரியும், செட்டிங் விட்டிருந்தா பசங்க அதுல நெனப்ப எழுதலாம், பொறந்தநாள் நோட்டிஃபிகேஷன் நின்னுடும், "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா"ன்னு யாருக்கும் காட்டாது. உங்க பொறந்தநாள் பிரச்சனைக்கு டெலீட் தேவையே இல்ல, இதுவே போதும். ஆனா ஒரு தடவ மெமோரியலைஸ் ஆயிடுச்சுன்னா சரியான பாஸ்வேர்டு கையில இருந்தாலும் யாரும் உள்ள போக முடியாது, கேட்ட பூட்டி சாவிய கடல்ல போட்ட கதைதான். இது தெரியாம நெறைய பேர் மொதல்ல இத பண்ணிட்டு அப்புறம் போட்டோ வேணும்னு வருவாங்க. அதவிட மோசம் என்னன்னா இந்த ரிக்வெஸ்ட குடும்பத்து ஆளுங்கதான் போடணும்னு இல்ல, ஃபிரெண்டு ஒருத்தன் இறந்ததுக்கு ஆதாரம் வச்சுப் போட்டாலும் ஏத்துக்குவாங்க. பாசத்துல எவனாவது போட்டுடப் போறான், அதனால பசங்ககிட்ட "நாங்க சொல்ற வரைக்கும் ரிப்போர்ட் அடிக்காதீங்கடா"ன்னு ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

அவன் ஏதாச்சும் ஃபுட்பால் கிளப்புக்கோ, கேரம் கிளப்புக்கோ, கானா டீமுக்கோ ஃபேஸ்புக் பேஜ் நடத்திட்டு இருந்தானான்னும் விசாரிங்க. பேஜுக்கு அவன் ஒருத்தன் மட்டும் அட்மின்னா, அவன் அக்கவுண்ட் மெமோரியலைஸ் ஆனதும் அந்தப் பேஜையும் தூக்கிடுவாங்க. வியாசர்பாடி பக்கமெல்லாம் டோர்னமென்ட் போட்டோ, கப் வாங்கின வீடியோன்னு வருஷக் கணக்கா ஒரே பேஜ்ல கிடக்கும், அதுல இன்னொரு பையனையும் அட்மினா சேத்திருந்தான்னா பிரச்சனை இல்ல, சேக்கலன்னா மொதல்ல அத இறக்கிக்கணும்.

ஆதாரத்துக்கு இறப்பு சான்றிதழ்தான் பெஸ்ட்டு. எந்த ஏரியால உயிர் போச்சோ அங்கதான் பதிவாகும், ஸ்டான்லியோ ஜிஹெச்சோ அது சென்னை மாநகராட்சி லிமிட்தான், ஆஸ்பத்திரியே தகவல் குடுத்துடும், மாநகராட்சி வெப்சைட்ல காசு இல்லாம இறக்கிக்கலாம், அதுக்கு புரோக்கர் வேணாம். மெமோரியலைஸுக்கு பேப்பர்ல வந்த இரங்கல் விளம்பரம், நினைவு கார்டு கூட ஏத்துக்கறாங்க, நம்ம ராயபுரத்து கிறிஸ்டியன் வீடுங்கள்ல அடிப்பாங்களே அந்த கார்டு. சந்துல ஒட்டற கண்ணீர் அஞ்சலி போஸ்டர போட்டோ எடுத்து அனுப்பினா எடுபடுமான்னு எல்லாரும் கேப்பாங்க, அத நம்பி உக்காராதீங்க, சான்றிதழையே போடுங்க. நெஜமான சிக்கல் வர்றது பேர்லதான். சான்றிதழ்ல இனிஷியலோட முழுப்பேர் இருக்கும், ஃபேஸ்புக்ல நம்மாளுங்க பேருக்கு முன்னாடி நார்த் மெட்ராஸ், பின்னாடி தலயோ தளபதியோ சேத்து வச்சிருப்பாங்க. பேப்பர்ல இருக்கறதும் அக்கவுண்ட்ல இருக்கறதும் ஒத்துப் போகணும்னு அவங்க பாப்பாங்க, ஒத்துப் போகலன்னா திருப்பி விடுவாங்க. அந்த மாதிரி கேஸ்ல பொறந்த தேதி, புரொஃபைல்ல இருக்கற அதே முகம் வர்ற அடையாள அட்டை, இறந்த தேதி எல்லாம் சேத்து விளக்கி எழுதி திரும்பப் போட்டுப் பாக்கணும், சிலருக்கு ஆகும், சிலருக்கு ஆகாது, எத்தன நாள் ஆகும்னும் யாரும் கேரண்டி குடுக்க முடியாது.

இன்ஸ்டாவுக்கும் மெமோரியலைஸ் இருக்கு, அங்கயும் பூட்டினா பூட்டினதுதான். மொத்தமா எடுக்கச் சொன்னா குடும்பத்து ஆளுன்னு நிரூபிக்கணும், பிறப்பு சான்றிதழ், இறப்பு சான்றிதழ் கேப்பாங்க. பிறப்பு சான்றிதழ்ல அம்மா பேர் இருக்கும், அதனால நீங்க டைப் பண்ணினாலும் ரிக்வெஸ்ட அம்மா பேர்ல போடறது சுலபம். லேப்டாப் வழியா உள்ள போக முடிஞ்சு, பாஸ்வேர்டும் மாத்திக்க முடிஞ்சா செட்டிங்ஸ்லயே டெலீட் குடுக்கலாம், ஃபேஸ்புக், இன்ஸ்டா ரெண்டுலயும் 30 நாள் டைம் இருக்கு, மனசு மாறினா அதுக்குள்ள திரும்ப லாகின் பண்ணி நிறுத்திடலாம். அந்த 30 நாள் தாண்டினா கதை முடிஞ்சுது. என்னைக் கேட்டா ஃபேஸ்புக்க மெமோரியலைஸ் பண்ணுங்க, இன்ஸ்டாவ தலைத்திவசம் வரைக்கும் தொடாதீங்க, ஒரு வருஷம் போகட்டும். மூணாவது மாசத்துல எடுத்த முடிவு பதிமூணாவது மாசத்துல வேற மாதிரி தெரியும், டெலீட் பண்ணாம விட்டதுக்காக திரும்ப வந்து அழுதவங்கள நான் பாத்ததில்ல. பசங்க டேக் பண்றது தொந்தரவா இருந்தா அது உங்க போன் பிரச்சனை, நீங்களும் அம்மாவும் அவங்கள மியூட் பண்ணிக்கலாம். அவனுங்களும் அழறதுக்கு ஒரு எடம் வேணும்ல.

இந்த நேரத்துல நோட்டம் பாத்துட்டு ரெண்டு வகை ஆளுங்க வருவாங்க. ஒருத்தன் "ரெண்டாயிரம் குடு, அக்கவுண்ட ஹேக் பண்ணி தரேன்"ம்பான், காசு வாங்கினதும் காணாம போவான், இல்லன்னா நீங்க அனுப்பின ஆதாரையும் சான்றிதழையும் வச்சு வேற வேலை காட்டுவான். இன்னொருத்தன் தம்பி போட்டோவையே டிபியா வச்சு புதுசா ஒரு அக்கவுண்ட் தொறந்து, சாவு சேதி தெரியாத தூரத்து ஃபிரெண்டுங்ககிட்ட "மச்சான் அவசரம், ஜீபே பண்ணு"ன்னு கேப்பான். இது நடந்தா அந்த புரொஃபைல ஃபேக்னு ரிப்போர்ட் அடிங்க, எவனாவது காச அனுப்பிட்டான்னா லேட் பண்ணாம சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் அடிக்கச் சொல்லுங்க, சீக்கிரம் சொன்னா போற வழியிலயே காச நிறுத்த சான்ஸ் இருக்கு.

படிச்சிட்டு இருக்கற மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை, உங்க போன்ல இப்பவே அஞ்சு நிமிஷம் ஒதுக்குங்க. ஃபேஸ்புக்ல லெகசி காண்டாக்ட்னு, நமக்கு அப்புறம் அக்கவுண்ட பாத்துக்கற ஆள போட்டு வைக்கற வசதி 2015ல இருந்து இருக்கு, ஒருத்தர போட்டு வச்சா அவங்களால உங்க மெசேஜ படிக்க முடியாது, ஆனா டிபி மாத்தலாம், மேல ஒரு போஸ்ட் போட்டு வைக்கலாம், அக்கவுண்ட எடுக்கச் சொல்லலாம், நீங்க பர்மிஷன் குடுத்திருந்தா போட்டோவையும் இறக்கிக்கலாம். கூகுள்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்ல 3 மாசத்துல இருந்து 18 மாசம் வரைக்கும் டைம் வச்சு, அவ்ளோ நாள் அக்கவுண்ட நீங்க தொடலன்னா சேதி போற மாதிரி 10 பேர் வரைக்கும் சேக்கலாம். ஐபோன்லயும் லெகசி காண்டாக்ட் இருக்கு, அதுல வர்ற ஆக்சஸ் கீய பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு கூட வச்சிடுங்க, அந்த கீயும் இறப்பு சான்றிதழும் சேந்தாதான் தொறக்கும். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 14வது பிரிவு, நமக்கு அப்புறம் நம்ம டேட்டாவுக்கு யார் பேசணும்னு நாமினி போடற உரிமைய பத்தி சொல்லுது, ஆனா அதுவும் உயிரோட இருக்கறவங்க போட்டு வைக்கறதுக்குத்தான், உங்க தம்பி கேஸுக்கு உதவாது.

சிஸ்டர், சிம்ம ரீசார்ஜ் பண்ணிட்டு ரெண்டு விஷயம் மட்டும் இங்க வந்து எழுதுங்க, போன் என்ன மாடல், லேப்டாப்ல அவன் ஜிமெயில் தொறக்குதா இல்லையா. அத வச்சு அடுத்தது சொல்றேன். பொறந்தநாளுக்கு முன்னாடி நோட்டிஃபிகேஷன நிறுத்தணும்னா போட்டோவ எல்லாம் இந்த வாரத்துக்குள்ள எடுத்துட்டு அடுத்த வாரம் ஃபார்ம் போட்டாதான் சரியா இருக்கும். நம்பர், ஓடிபி, சான்றிதழ் போட்டோ எதையும் இங்க போட்டுடாதீங்க, "அனுப்புங்க, நான் பண்ணித் தரேன்"னு இன்பாக்ஸ்ல யார் வந்தாலும், என் பேரச் சொல்லிக்கிட்டே வந்தாலும் குடுக்காதீங்க.